முதுவேனில் கணக்கு

இந்திய அரசு வீடு வீடாகச் சென்று எடுக்கும் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் தருகிறார்கள். சொந்தமாகப் பயிர் செய்பவருக்கு ஓர் எண், கூலிக்குப் போகிறவருக்கு ஓர் எண், மாதச் சம்பளக்காரருக்கு ஓர் எண். 91 என்றால் மாணவர். 92 என்றால் வீட்டுவேலை மட்டும் செய்பவர். 94 என்றால் வாடகை, ஓய்வூதியம் போன்ற வருமானத்தில் இருப்பவர். 95 என்றால் உடல் இயலாமையால் வேலை செய்ய முடியாதவர். நடுவில் நிற்கும் 93 யார்? வீட்டுவேலையோடு சேர்த்து, வீட்டு உபயோகத்துக்காகக் காய்கறி, கிழங்கு, விறகு, மாட்டுத்தீவனம் ஆகியவற்றை ‘இலவசமாகச் சேகரிப்பவர்’. வீட்டுக்காகத் தைப்பவர், நெய்பவர். இந்த எண்களில் அடங்கும் அனைவரும் ‘உழைப்பாளர் படையில் இல்லாதவர்கள்’.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் பெரிய சுற்றுகளில் 92, 93 என்று எழுதப்பட்ட பெண்களிடம் துணைக் கேள்விகளும் கேட்டார்கள். வீட்டுத்தோட்டம் பராமரிக்கிறீர்களா? கோழி, ஆடு, மாடு பார்க்கிறீர்களா? சாணி, சுள்ளி சேகரிக்கிறீர்களா? வீட்டுக்கு வெளியே இருந்து தண்ணீர் கொண்டுவருகிறீர்களா? 2011-12இல் நடந்த 68ஆவது சுற்றில் இந்தப் பதில்களை வைத்தே ஒரு தனி அறிக்கை வந்தது. எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று அவள் சொன்ன பிறகும் அவள் எண் மாறவில்லை. கேட்டுவிட்டு, எழுதிக்கொண்டு, ‘உழைப்பாளர் படையில் இல்லை’ என்ற பெட்டிக்குள்ளேயே அவளைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒருவர் தன் வயலில் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டுமே நெல் விளைவித்தாலும் இதே கணக்கெடுப்பு அதைப் பொருளாதார நடவடிக்கை என்கிறது. விற்கவில்லையே என்று அவரைத் தள்ளிவைப்பதில்லை. ஆகவே விற்பனை இங்கே அளவுகோல் இல்லை. வயலுக்கும் கொல்லைக்கும் நடுவில் நிற்கிற வீடுதான் அளவுகோல். வீட்டுக்கு முன்னால் விளைந்தால் வேளாண்மை, வீட்டுக்குப் பின்னால் விளைந்தால் வீட்டுவேலை. அந்தப் பின்பக்கத்தைப் பற்றியும், அங்கே வேலை மிகுந்திருக்கும் இரண்டு மாதங்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

அந்த இரண்டு மாதங்கள்

தமிழ் மரபு வெயிலை இரண்டாகப் பிரிக்கிறது. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். கத்திரி முடிந்ததும் செய்தித்தாள்கள் வெயிலை மறந்துவிடுகின்றன. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் கடற்கரை ஓரம் வாழ்கிறவர்களுக்கு அப்படி மறக்க வழியில்லை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்திக்கொள்கிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் வரும். இடைப்பட்ட காலத்தில் பகலெல்லாம் புழுக்கம். கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும். வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. எப்போதாவது ஒரு மாலையில் இடி இடித்து ஒரு மழை. மறுநாள் காலை அதைவிடப் புழுக்கம்.

விதைப்பதற்கான காலமும் இதுவேதான். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. ‘விதை’ என்று யாரை ஏவுகிறது? பள்ளிப் பாடநூலில் இந்த வரிக்குப் பக்கத்தில் படம் போடச் சொன்னால் தலைப்பாகை கட்டிய ஓர் ஆண், ஓர் ஏர், இரண்டு மாடு என்றுதான் வரும். கொல்லையில் அவரையை ஊன்றுகிறவள் அந்தப் படத்தில் இருக்க மாட்டாள்.

அவள் செய்வதை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். ஆனியில் காய்ப்பு ஓய்ந்த கத்தரியைப் பிடுங்கி எறியாமல் கவாத்து செய்து, அடியில் எரு வைத்து, இன்னொரு சுற்றுக்குத் தயாராக்குவாள். சருகையும் தென்னை மட்டையையும் போட்டு மண்ணுக்கு மூடாக்கு இடுவாள். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைப்பாள். தோல் தடித்த பாகல் விதையை இன்னும் கூடுதலாக. கீரை விதை பொடியானது என்பதால் மணலோடு கலந்து தூவி, எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க ஓரத்தில் கொஞ்சம் நொய் இறைத்து வைப்பாள். சுரைக்கும் பூசணிக்கும் குழி, புடலைக்கும் பீர்க்கைக்கும் பந்தல், அவரைக்கு வேலியோரம்.

அடுத்தது கண்காணிப்பு. உச்சிவெயிலில் பூசணி இலை துவண்டு தொங்கும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார். அவள் ஊற்ற மாட்டாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பாள். உள்ளே ஈரம் இருந்தால் அது வெயில் வாட்டம், மாலையில் தானே நிமிரும். ஈரத்தின் மேல் ஈரம் சேர்ந்தால் இந்தப் புழுக்கத்தில் வேர் அழுகும். மாலையிலும் நிமிராவிட்டால்தான் அது தாகம். இரவுச் சூடு 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளி பூத்தாலும் பூவெல்லாம் பிஞ்சாகாமல் கொட்டிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். டிகிரி தெரியாது. ‘ராத்திரி போர்த்திக்கத் தோணுறப்பதான் தக்காளி நிக்கும்’ என்பதாக அது அவளிடம் இருக்கும். ஆகவே அந்த மாதங்களில் தக்காளியோடு மல்லுக்கு நிற்காமல் வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, கொடிப்பசலை என்று வெயிலுக்கு அஞ்சாதவற்றின் பக்கம் போய்விடுவாள்.

பூசணி விடியற்காலையில் பூக்கும். சுரையும் புடலையும் பொழுது சாய்ந்த பிறகு பூக்கும். மழைமூட்டத்தில் வண்டு வராத நாட்களில் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவின் மேல் தொட்டு வைக்க வேண்டும். அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ, வெறும் காம்போடு இருப்பது ஆண்பூ. அவரைக் கொழுந்தில் அசுவினி அடைந்தால் பனி ஈரம் காய்வதற்குள் சாம்பல் தூவ வேண்டும். பாகல் பிஞ்சை ஈ குத்தாமலிருக்கக் காகிதம் சுற்ற வேண்டும். முதல் காய்களில் திரட்சியான ஒன்றைப் பறிக்காமல் விதைக்கு விட வேண்டும். அது முற்றியதும் விதையை எடுத்துக் கழுவி, உலர்த்தி, சாம்பலில் புரட்டி, அடுத்த ஆடிவரை பூச்சி அரிக்காமல் காக்க வேண்டும்.

நாட்டு அவரைக்கு இன்னொரு குணம் உண்டு. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஆடியில் விதைத்தது ஆவணியில் பூக்காது. பகல்பொழுது சுருங்கினால்தான் பூவெடுக்கும். மார்கழி, தையில்தான் காய்த்துக் குலுங்கும். ஐந்து மாதம் கழித்து வரப்போகும் ஒரு சமையலுக்காகப் புழுக்கத்தில் குனிந்து ஒரு விதையை ஊன்றுகிற செயலைத் திட்டமிடல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

‘கைராசி’

சொல்ல வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ‘அவளுக்குக் கைராசி. எதை வச்சாலும் தழைக்கும்.’

இந்தச் சொல்லைப் பாராட்டென்று வாங்கிக்கொண்டு மகிழ்ந்த பெண்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். எனக்கு இதன்மேல் தீராத கோபம் உண்டு. ராசி என்பது தானாக வாய்ப்பது. கற்றுக்கொள்வதில்லை, சோதித்துப் பார்ப்பதில்லை, பிழைவிட்டுத் திருத்துவதில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே மண்ணை, ஒரே காற்றை, ஒரே பூச்சியைப் பார்த்துப் பார்த்து ஒருத்தி சேர்த்த அறிவை ஒரே சொல்லில் அவள் மண்டையிலிருந்து எடுத்து உள்ளங்கை ரேகைக்கு மாற்றிவிடுகிறோம். சமையலுக்குக் ‘கைப்பக்குவம்’, தோட்டத்துக்குக் ‘கைராசி’. பெண்ணின் அறிவு மணிக்கட்டுக்கு மேலே ஏறுவதே இல்லை.

இதே அறிவை ஓர் ஆண் மேடையில் சொன்னால் அவர் ‘இயற்கை வேளாண் அறிஞர்’ ஆகிறார். மேடையேறிய ஆண்களிடம் எனக்குப் பகை இல்லை. மரபு விதைகளுக்காக அலைந்தவர்களுக்கு இந்த மண் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அவர்கள் ஊர் ஊராகப் போய்த் தேடிய காய்கறி விதைகள் பலவும் யாருடைய அடுக்களை உறியில், யாருடைய சுரைக்குடுக்கையில் இருந்தன என்று மட்டும் கேட்கிறேன். வாங்கியவரின் பெயர் இருக்கிறது, கொடுத்தவளின் பெயர் இல்லை. கோயம்புத்தூர் மாவட்டத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாளுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 105 என்று எழுதினார்கள். விவசாயி என்று ஒரு பெண்ணை நாடு ஒப்புக்கொள்ள அவள் நூறாண்டைத் தாண்டி உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஆண் சொல்வது: ‘தோட்டம் போட்டிருக்கேன்.’ பெண் சொல்வது: ‘நாலு செடி வச்சிருக்கேன்.’ நாற்பது செடி இருந்தாலும் நாலுதான்.

‘சும்மா இருத்தல்’

முதலாண்டு வகுப்பில் அறிமுகத்தின்போது பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று கேட்பது வழக்கம். ‘அப்பா விவசாயம். அம்மா சும்மாதான் இருக்காங்க மேம்.’ எந்த ஆண்டும் இந்தப் பதில் தவறியதில்லை. மேலே கேட்டால் ஆடு, கோழி, கொல்லை நிறையக் காய்கறி, நூறுநாள் வேலை எல்லாம் வரும். எல்லாம் சேர்ந்ததுதான் ‘சும்மா’.

இந்தச் ‘சும்மா இருத்தல்’ எங்கிருந்து வந்தது என்று பார்க்க அகத்திணை மரபுக்குள் போகலாம். பொருள் தேடியும் போர் கருதியும் ஆண் பிரிந்து போவான். போகும் வழி வேனிலில் காய்ந்த பாலை. அவன் வினை வெளியே. அவளுக்கு முல்லைத் திணை வகுத்த உரிப்பொருள் ‘இருத்தல்’, அவன் வரும்வரை ஆற்றியிருத்தல். இந்த இருத்தலைக் கற்பென்று உரையாசிரியர்கள் கொண்டாடினார்கள். ஆற்றியிருக்கும் அந்த மாதங்களில் அவள் என்ன தின்றாள், யார் விளைத்தார்கள், யார் தண்ணீர் மொண்டார்கள் என்று எந்த உரையும் நின்று கேட்கவில்லை. பிரிந்து போகிறவனுக்கு வினை, வீட்டில் இருக்கிறவளுக்கு இருத்தல். இருபதாம் நூற்றாண்டின் புள்ளியியலாளர் அதையே எண்ணாக எழுதினார்.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். இரண்டாயிரம் ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பற்றிப் படரக் கொழுகொம்பில்லாமல் ஒரு கொடி தவித்தது, மன்னன் தேரை நிறுத்திவிட்டு நடந்தான். கொல்லை வைத்திருக்கும் எவளைக் கேட்டாலும் சொல்வாள், அதற்கு ஒரு குச்சி போதும். ஆண்டுதோறும் ஆடியில் குச்சி நட்டு, கயிறு கட்டி, கொடியைத் திருப்பி விடுகிறவளுக்கு வள்ளல் என்று பெயர் இல்லை.

அதே சங்கத் தொகையில் நற்றிணையின் 172ஆவது பாட்டும் இருக்கிறது. விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்துப் புன்னையாகிறது. பெண்கள் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உன் தங்கை என்று தாய் மகளிடம் சொல்கிறாள். வகுப்பில் இதைத் தலைவியின் நாணத்துக்கும் வரைவு கடாவுதலுக்கும் எடுத்துக்காட்டாக நடத்திவிட்டு நகர்கிறோம். நட்டதும் ஊற்றியதும் பெண்கள், மரத்துக்கு உறவு சொன்னதும் ஒரு பெண் என்பது தேர்வுக்கு வராது.

தீட்டு பார்க்கும் செடிகள்

மாதவிலக்கு நாளில் கறிவேப்பிலையைத் தொட்டால் கருகிவிடும், துளசி பட்டுவிடும், மல்லிகை மொட்டு உதிரும், புடலைப் பிஞ்சு அழுகும். இந்தப் பட்டியலோடு வளராதவர்கள் நம்மில் குறைவு. படித்த, நகரத்து, மாடித்தோட்டக்காரர்களின் வீடுகளிலும் இது இன்னும் சாகவில்லை.

என் அப்பாயி இதற்கு ஒரு கேள்வி வைத்திருந்தார். ‘நடவுக்கு வர்றவளுக எல்லாம் தீட்டு நின்னவளுகளாடி?’ காவிரிப் படுகையில் நாற்றுப் பறிக்கவும் நடவும் களையெடுக்கவும் குனிந்த பெண்களில் மாதவிலக்கானவர்கள் எல்லா நாளும் இருந்திருப்பார்கள். எந்தப் பண்ணையாராவது தீட்டென்று சொல்லிக் கூலியோடு மூன்று நாள் விடுப்பு கொடுத்தாரா? அவர்கள் கைபட்டு எந்த வயலாவது கருகிற்றா? கூலிக்குக் குனியும்போது கண்ணுக்குத் தெரியாத தீட்டு, தன் வீட்டுக் கறிவேப்பிலையை ஒரு பெண் ஒடிக்கப் போகும்போது மட்டும் தெரிகிறது. நடவு செய்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். ஒருத்தியின் உழைப்பு வேண்டும்போது தீட்டு ஒதுங்கி நிற்கும். அவள் கோயிலுக்கோ கிணற்றுக்கோ வரும்போது சாதியையும் கூட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

ஆடியில் முளைப்பாரி எடுக்கும் ஊர்களைப் பாருங்கள். நவதானியத்தை ஓட்டிலோ சட்டியிலோ இட்டு, இருட்டறையில் வைத்து, தண்ணீர் தெளித்து முளைக்கவைப்பவர்கள் பெண்கள். எந்த விதை முளைக்கிறது, எது சோடை என்பது அங்கேயே தெரிந்துவிடும். விதைப்புக்கு முன்னால் ஊரே கூடிச் செய்யும் முளைப்புத் திறன் சோதனை அது. அதை வேளாண் அறிவாகச் சொல்வதில்லை, அம்மனுக்கு நேர்த்திக்கடன் என்று மட்டும் சொல்கிறோம். அதைத் தொடக்கூடிய பெண் யார், கூடாத பெண் யார் என்பதற்கு மட்டும் விதிகள் கறாராக இருக்கின்றன.

யார் தண்ணீர் ஊற்றுவது?

தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை விடுதலையாக எழுதுகிறார்கள். மன அமைதி, மண்வாசம், சின்னஞ்சிறு தளிர். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் முதுவேனிலில் தொட்டிச் செடி இரண்டு நாள் தண்ணீரில்லாமல் தாங்காது. ஆகவே அந்த மாதங்களில் தோட்டம் ஒரு கால்கட்டும்கூட. தாய்வீட்டுக்கு நான்கு நாள் போக வேண்டும், மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டும், ஒரு கருத்தரங்குக்குப் போக வேண்டும். முதலில் எழும் கேள்வி ‘செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது?’ வீட்டில் இரண்டு ஆண்கள் இருக்கும்போதே இந்தக் கேள்வி எழுகிறது. மாடு, கோழி, மாமனார், செடி என்று உயிருள்ள ஒவ்வொன்றும் ஒருத்தியின் காலில் கட்டப்பட்ட கயிறாகிறது.

தண்ணீரும் சும்மா வருவதில்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மாதங்களின் புகைப்படங்களில் லாரிக்கு முன்னால் வண்ண வண்ணக் குடங்களோடு நிற்பவர்கள் பெண்கள். அந்தக் கோடையிலும் பல வீடுகளில் கறிவேப்பிலையும் முருங்கையும் பிழைத்தன என்றால் அரிசி கழுவிய தண்ணீரும், காய் அலசிய தண்ணீரும், பாத்திரம் கழுவியதில் கடைசி அலசலும் ஒரு வாளியில் சேர்ந்து அவற்றின் காலடிக்குப் போனதால்தான். மறுசுழற்சி என்று இன்று கருத்தரங்குகளில் விளக்கப்படும் அந்த வாளியைத் தூக்கியவளுக்கு இடுப்புவலி இருக்கிறது, கட்டுரையில் பெயர் இல்லை.

அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் சொன்னது. ஒரு வேடிக்கை, அந்த 299இல் தோட்டவேலை சேராது. நேரப் பயன்பாட்டுக் கணக்குக்கான பன்னாட்டு வகைப்பாட்டில் வீட்டுத் தேவைக்குப் பயிரிடுவதும் வீட்டுத்தோட்டமும் ‘சொந்தப் பயன்பாட்டுக்கான பொருள் உற்பத்தி’ என்ற தனிப் பிரிவில் இருக்கின்றன. அதாவது ஒரு கணக்கெடுப்பு அவள் கத்தரிக்காயை உற்பத்தி என்கிறது. இன்னொரு கணக்கெடுப்பு அதை விளைத்தவளை உழைப்பாளர் படைக்கு வெளியே நிறுத்துகிறது. காய் உள்ளே, கை வெளியே.

எந்தக் கொல்லை?

இந்த இடத்தில் ஒரு மாணவி எழுந்து கேட்பாள், கேட்க வேண்டும்: ‘எங்க வீட்டுக்குக் கொல்லையே இல்லையே மேம்?’

கொல்லை இருப்பதே ஒரு சொத்து. ஊருக்குள் மனைக்கட்டு நீளமாக ஓடி, கிணறும் தென்னையும் மாட்டுக்கொட்டிலும் தாண்டி முடியும். காலனியில் இரண்டு, மூன்று சென்டில் வீடு முடிந்ததும் அடுத்த வீட்டுச் சுவர். ஊர்க் கொல்லைக்கு உரமடித்தவர்கள், பந்தல்கால் நட்டவர்கள், தேங்காய் மட்டை சுமந்தவர்கள் அந்தக் காலனிக்காரர்கள். வீட்டுக்குள் நுழைய விடாமல் கொல்லை வாசல் வழியாகவே வரச் சொல்லிச் சோற்றை ஊற்றிய வரலாறும் அந்தக் கொல்லைக்கு உண்டு. ஆகவே ‘பாட்டியின் கொல்லை’ என்று உருகும் எழுத்துகளில் எந்தப் பாட்டி, எந்தச் சாதிப் பாட்டி என்று கேட்காமல் நான் மேலே படிப்பதில்லை. நிலமில்லாத பெண்கள் குழம்புச் சட்டியிலும் கிழிந்த சாக்கிலும் உடைந்த பக்கெட்டிலும் கூரை மேலேயும் காய் விளைத்தார்கள். கூரையில் படர்ந்த சுரையும் பூசணியும் தரையில் இடமில்லாதவர்களின் தோட்டம்.

சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது, இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்தது. நடப்பு வேறு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பேரில் இருப்பவை சுமார் 14 சதவீதம். நிலம் பெயரில் இல்லாததால் கடன் இல்லை, காப்பீடு இல்லை, விவசாயி என்ற அடையாளமும் இல்லை. நிலப் பட்டாவைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துப் பெண்ணை விவசாயி என்று ஏற்கச் சொன்ன எம்.எஸ். சுவாமிநாதனின் பெண் விவசாயிகள் உரிமை மசோதா, 2011, மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக வந்து சட்டமாகாமலே காலாவதியானது. 2026ஐப் பெண் விவசாயிகளின் பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. ஆண்டு அறிவிப்பதற்குப் பட்டா தேவைப்படவில்லை.

பூமித்தாய் வேண்டாம்

எதிர்த்தரப்பை நான் அறிவேன். ஒரு பக்கம், ‘வீட்டுக்குச் செய்வதற்குக் கூலிக்கணக்கா? அது அன்பு’ என்பவர்கள். அன்பென்றால் அதை ஆண்களும் ஒரு வாளி ஊற்றிக் காட்டலாம். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆண்டுதோறும் மரக்கன்று நடுவிழா நடக்கும். முதல்வர் மண்வெட்டியோடு நிற்கும் படம் சுவரில் தொங்கும். மறுநாளிலிருந்து அந்தக் கன்றுக்கு வாளியில் தண்ணீர் சுமந்தவர்கள் ஒப்பந்தத்தில் இருந்த துப்புரவுப் பெண்கள். அது அவர்களின் வேலைப் பட்டியலிலேயே இல்லை. நடுவதற்குப் படம் உண்டு, ஊற்றுவதற்குப் படம் இல்லை. குடும்பத் தோட்டமும் அப்படித்தான். மாடியில் கலப்பின விதைப் பாக்கெட்டும் தென்னைநார்க் கழிவும் வாங்கி, முதல் காயைக் கையில் ஏந்திப் படம் எடுத்துப் போடுகிறவர் ஒருவர். இடைப்பட்ட அறுபது நாள் காலை ஐந்தரைக்கு மாடியேறியவர் இன்னொருவர்.

இன்னொரு பக்கம், நம்மவர்களே. பெண்ணே இயற்கை, இயற்கையே பெண், அவள் தொட்டால் மண் பூக்கும் என்று எழுதுகிற சூழலியல் பெண்ணியம். 1992லேயே பீனா அகர்வால் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். பெண்ணுக்கும் சூழலுக்கும் உள்ள உறவு பிறப்பிலோ கருப்பையிலோ இல்லை. வேலைப் பிரிவினையிலும் சொத்துப் பிரிவினையிலும் இருக்கிறது. விறகு பொறுக்குவது பெண்ணின் தலையில் கட்டப்பட்டதால் அவளுக்குக் காடு தெரிகிறது. கொல்லை அவளிடம் விடப்பட்டதால் அவளுக்கு அசுவினி தெரிகிறது. இதைத் தாய்மை என்று உயர்த்துவதும் கைராசி என்று சுருக்குவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் கணக்குப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்கின்றன.

ஆலிஸ் வாக்கர் 1974இல், வெயிலும் புழுக்கமும் நிறைந்த ஜார்ஜியாவில் வயல்வேலைக்கு நடுவே பூந்தோட்டம் போட்ட தன் தாயைக் கலைஞர் என்று எழுதினார். கலை மறுக்கப்பட்ட ஒரு கறுப்பினப் பரம்பரைக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. நமக்கோ ‘கலை’ தாராளமாகக் கிடைக்கிறது. கோலம் கலை, சமையல் கலை, தோட்டம் கலை, குடும்பம் நடத்துவது ஒரு கலை. வேலை என்று சொல்ல மனமில்லாத இடத்தில் எல்லாம் இங்கே கலை என்கிறார்கள். நமக்கு முதலில் தேவை ‘வேலை’ என்ற சொல்.

கேட்பவை

வீட்டுத்தோட்டத்தை வேளாண்மை என்றும், அதைச் செய்பவளை விவசாயி என்றும் கணக்கெடுப்பு எழுத வேண்டும். துணைக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் முதன்மை எண் மாற வேண்டும். பரிசும் மானியமும் விதையும் தருகிற துறைகள் குடும்பத் தலைவரின் பெயரைக் கேட்காமல் தோட்டம் பார்க்கிறவரின் பெயரைக் கேட்க வேண்டும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், மரபு ரகங்களைத் தெரிவு செய்து காத்து வருகிறவரையும் விவசாயி என்றே வரையறுக்கிறது. விதையைச் சேமிக்கவும் பகிரவும் அவருக்கு உரிமை தருகிறது. ஒரு கத்தரி ரகத்துக்கு ஊர்ப்பெயர் எழுதும்போது, அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் காத்த பெண்களின் பெயரையும் அங்கே எழுதச் சொல்லி இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்கலாம். மனையில்லாத குடும்பங்களுக்கு வீட்டோடு சேர்த்து நாலு பாத்தி போடவும் இடம் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள் கேட்பது இதைவிட எளிது, இதைவிடக் கடினம். ஆடி மாதத்துத் தண்ணீர் முறையை நாள் போட்டுப் பிரித்து எழுதுங்கள். அண்ணனின் பெயரையும் அப்பாவின் பெயரையும் அதில் எழுதுங்கள். பறிக்க வருகிறவர் களையெடுக்கவும் வரட்டும்.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி. வருகிற ஆனி முதல் நாளிலிருந்து ஆடி கடைசி நாள் வரை ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, யாராவது ஒருவர் செடியோடு செலவிட்ட நேரத்தை எழுதுங்கள். தூக்கிய வாளி எத்தனை, காப்பாற்றி வைத்த விதை என்ன, பறித்த காய் எவ்வளவு, அதே காய்க்குச் சந்தையில் அன்றைக்கு என்ன விலை, எல்லாவற்றையும் எழுதுங்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு அந்தப் பெயரையும் எழுதுங்கள். அறுபத்துச் சொச்சம் நாள் முடிந்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் ‘தொழில்’ என்ற இடத்தை அவர்களிடமே நீட்டி நிரப்பச் சொல்லுங்கள். ‘சும்மாதான் இருக்கேன்’ என்று எழுத வந்தால் கூட்டுத்தொகையைக் காட்டுங்கள்.